ராணுவ மின்னணுப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது? நம் பிள்ளைகளும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில், செஞ்சூரியன் நகரத்துப் பக்கத்தில், ராணுவ ரேடியோ, ரேடார் பெட்டிகளுக்குள் போகும் மின்னணு அட்டைகளை (சர்க்யூட் போர்டுகளை) வடிவமைப்பதுதான் என் வேலை. சொந்த ஊர் டர்பன். ஊருக்கு வரும்போதெல்லாம் கோவிலிலும் கல்யாண வீட்டிலும் ஒரே மாதிரிக் கேள்விகள் வருகின்றன. நின்றபடி இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன். எந்தத் திட்டத்தின் ரகசியமும் இதில் கிடையாது. எல்லாம் வெளியே அச்சில் உள்ள தரங்களும் வரலாறும்தான்.

ராணுவ வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் நம் லேப்டாப்பைவிட வேகமானதா?

பெரும்பாலும் இல்லை. உங்கள் பிள்ளை விளையாடும் கணினியில் அதைவிடப் புதிய சிப் இருக்கும். வித்தியாசம், அது உட்காரும் இடத்தில்தான். கவச வண்டியின் மின்சாரம் பெயருக்கு 28 வோல்ட். இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது அது பாதிக்கும் கீழே விழும். ஆல்டர்நேட்டர் ஓடும்போது பேட்டரி இணைப்பு கழன்றால் எகிறும். மில்-எஸ்டிடி-1275 என்ற அமெரிக்கத் தரம் 50 மில்லி விநாடி நேரத்துக்கு 100 வோல்ட் வரை எழும்பும் அலையைத் தாங்கச் சொல்கிறது. அந்த நேரத்திலும் ரேடியோ அணையக் கூடாது, ரீபூட் ஆகவும் கூடாது. அதோடு குலுக்கல், கரூ பாலைவனத்துத் தூசி, டர்பன் கடற்கரையின் உப்புக்காற்று, ஹைவெல்ட் இடிமின்னல் எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

ஆகவே வேகமான சிப் எது என்று தேடுவது எங்கள் வேலையில் சின்னப் பங்குதான். சாதாரணச் சுற்று ஒன்றை மோசமான இடத்தில் 20, 30 வருடம் நம்பகமாக ஓட வைப்பதே பெரும்பங்கு. கீழே வரும் பதில்களில் பலவும் சுற்றிச் சுற்றி இதற்குத்தான் வந்து சேரும்.

வி.பி.எக்ஸ். என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது என்ன?

உறுதியான ஒரு பெட்டி, அதன் பின்சுவரில் பேக்பிளேன் எனப்படும் ஒரு பெரிய போர்டு, அதில் வரிசையாகச் செருகும் அட்டைகள். ஒரு அட்டையில் ப்ராசசர், இன்னொன்றில் ரேடியோ, மற்றொன்றில் மின்சாரம். பழுதானதை உருவிவிட்டு வேறொன்றைச் செருகலாம். 1981-இல் வந்த வி.எம்.இ. இந்த வழியில் நெடுங்காலம் கோலோச்சியது. அதிவேகத் தொடர் இணைப்புகளுக்கு அதன் கனெக்டர் போதாமல் போனபோது வி.பி.எக்ஸ். வந்தது. சிறிய வகை அட்டையான 3யூ-வின் அளவு 100-க்கு 160 மில்லிமீட்டர், ஒரு தபால் அட்டையைவிடச் சற்றுப் பெரியது. கனெக்டரின் எந்த முள்ளில் எந்தச் சிக்னல் என்பதில் ஆளுக்கொரு வழி போனதால் 2010-இல் ஓபன்வி.பி.எக்ஸ். வந்து ஒழுங்குபடுத்தியது. 2021-இல் வெளியான சோசா தரம் அந்தத் தேர்வுகளை இன்னும் குறுக்கியது. ஒரு கம்பெனியின் அட்டையை எடுத்துவிட்டு இன்னொரு கம்பெனியின் அட்டையைப் போட வேண்டும் என்றால் இந்தக் கட்டுப்பாடு வேண்டும்தான். சின்ன நாடுகளுக்கு இது பெரிய உதவி என்பது என் கருத்து. ஒரே விற்பனையாளரின் கையில் சிக்க வேண்டியதில்லையே.

ஃபேன் வைத்துக் குளிர வைத்தால் ஆகாதா?

ஃபேன் தூசியை உள்ளே இழுக்கும். உப்பையும் இழுக்கும். அப்புறம் ஒருநாள் நின்றுபோகும். அதனால் பெட்டியை முழுக்க மூடிவிடுகிறோம். உள்ளே உண்டாகும் வெப்பம் உலோகத்தின் வழியாகவே வெளியே போக வேண்டும்.

ஒரு அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தால் இது புரியும். சிப்புகளின் மேல் ஒரு அலுமினியத் தட்டு முழுப் பரப்பையும் மூடியிருக்கும். இரண்டு நீள ஓரங்களிலும் சாய்வாக வெட்டிய உலோகத் துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கும். முன்பக்கத்து ஸ்க்ரூவை முறுக்கினால் அந்தத் துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி அகன்று, பெட்டியின் பள்ளத்தில் அட்டையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இதற்கு வெட்ஜ் லாக் என்று பெயர். அட்டையை அசையாமல் பிடிப்பது, வெப்பத்தைப் பெட்டியின் சுவருக்குக் கடத்துவது என்ற இரண்டு வேலையையும் அந்த இறுக்கமே செய்கிறது. எவ்வளவு முறுக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் முறுக்க வேண்டும். கையளவில் முறுக்கிவிட்டுப் போனால் அட்டை சூடேறிச் சாகும். பழி சிப்பின் மேல் விழும்.

கணக்கு ரொம்ப எளிது. பெட்டியின் சுவரைத் தொடும் ஓரம் 85 டிகிரி வரை சூடாகலாம் என்பது கடுமையான வகை அட்டைகளுக்கான விதி. சிப்பின் உட்பகுதி 100 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது 15 டிகிரிதான். சிப்பிலிருந்து ஓரம் வரை ஒரு வாட்டுக்கு 0.3 டிகிரி ஏறினால், 40 வாட்டுக்கு 12 டிகிரி. தப்பித்தோம். அதே இடத்தில் 60 வாட் சிப்பை வைத்தால் 18 டிகிரி. முடிந்தது கதை. புது சிப் ஒன்று வந்திருக்கிறது, அதைப் போடுவோம் என்று யாராவது உற்சாகமாக வந்தால் நான் முதலில் கேட்பது எத்தனை வாட் என்றுதான்.

ரேடியோ என்றால் இன்னும் கம்பிச்சுருளும் கெப்பாசிட்டருமா?

ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் அவை இன்றும் உண்டு, எப்போதும் இருக்கும். ஆனால் அலைவரிசையைப் பிரிப்பது, குரலை வெளியே எடுப்பது, ரகசியக் குறியீட்டை அவிழ்ப்பது எல்லாம் இப்போது எண்களின் மேல் நடக்கும் கணக்கு. ஒரே பெட்டி காலையில் 30 முதல் 88 மெகாஹெர்ட்ஸில் தரைப்படையோடும், மதியம் 225 முதல் 400 மெகாஹெர்ட்ஸில் விமானத்தோடும் பேசும். மாற வேண்டியது பெரும்பாலும் மென்பொருள் மட்டும்தான்.

ரகசியம் இல்லாத நல்ல உதாரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது. கரூவில் உள்ள மீர்காட் தொலைநோக்கி, 64 டிஷ், 2018-இல் திறக்கப்பட்டது. அது வானியலுக்கு. ஆனாலும் அதன் மின்னணுவும், எதிரி ரேடாரைக் கேட்கும் கருவியின் மின்னணுவும் ஒரே குடும்பம்தான். பலவீனமான சிக்னலை அகலமான பட்டையில் பிடித்து, உடனுக்குடன் கணக்கிட வேண்டும் என்பதே இரண்டின் தேவையும்.

மீர்காட்டின் எல்-பேண்ட் ரிசீவர் கேட்பது 856 முதல் 1712 மெகாஹெர்ட்ஸ் வரை. பழைய முறையில் இதை முதலில் வேறொரு அலையோடு கலந்து கீழே இறக்குவார்கள். இங்கே அதைச் செய்வதில்லை. டிஷ்ஷிலேயே விநாடிக்கு 171 கோடியே 20 லட்சம் முறை நேரடியாக அளந்து எண்ணாக்கிவிடுகிறார்கள். அளக்கும் வேகமும் பட்டையின் மேல் எல்லையும் ஒன்றே என்பதைக் கவனியுங்கள். அப்படிச் செய்தால் 856-இலிருந்து 1712 வரை உள்ள பட்டை முழுதும் மடிந்து, கண்ணாடியில் பார்ப்பதுபோல் தலைகீழாக, 0-விலிருந்து 856-க்குள் வந்து உட்காரும். கீழ்ப்பட்டையில் வேறெதுவும் வந்து கலக்காமல் முன்னாலேயே ஃபில்டர் போட்டுத் தடுத்துவிட்டால் போதும். ஒரு அளவுக்கு 10 பிட், அலை அதிரும் இரண்டு திசைகளுக்கும் தனித்தனியாக, ஆக ஒரு டிஷ்ஷிலிருந்து விநாடிக்கு ஏறத்தாழ 34 ஜிகாபிட். 64 டிஷ்ஷுக்கும் சேர்த்தால் 2 டெராபிட்டுக்கு மேல். அதை வாங்கிக் கணக்கிடும் ஸ்கராப் போர்டுகள் கேப் டவுனில் வடிவமைக்கப்பட்டவை. இந்த நாட்டில் இதெல்லாம் எங்கே முடியும் என்று கேட்பவர்களிடம் நான் இதைத்தான் காட்டுவேன்.

இவ்வளவு வேகமாக அளக்கும்போது எது முதலில் கெடும்?

கடிகாரம். அளக்கும் நொடி கொஞ்சம் முன்பின் ஆனாலும் அது சிக்னலில் இரைச்சலாக மாறிவிடும். 1 ஜிகாஹெர்ட்ஸ் சிக்னலை அளக்கும்போது கடிகாரத் துடிப்பு 1 பிக்கோ விநாடி தடுமாறினால் கிடைக்கும் தெளிவு 44 டெசிபெல். அதாவது 7 பிட். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய, சிக்னலை எண்ணாக்கும் 14 பிட் கன்வர்ட்டரில் பாதி வீண். தடுமாற்றத்தை 100 ஃபெம்ட்டோ விநாடிக்குக் குறைத்தால் 64 டெசிபெல், 10 பிட்டுக்குக் கொஞ்சம் மேல். பட்டியலில் காட்டும் விலை உயர்ந்த கன்வர்ட்டரைப் பார்த்து மயங்காதீர்கள். அதற்குத் துடிப்பு கொடுக்கும் கிரிஸ்டல் என்ன, அந்தக் கிரிஸ்டலுக்கு மின்சாரம் கொடுக்கும் ரெகுலேட்டர் எவ்வளவு அமைதியானது என்று பாருங்கள். குலுங்கும் வண்டியில் கிரிஸ்டலும் குலுங்கும், அந்தக் குலுக்கல் அப்படியே சிக்னலில் ஏறும். அதனால் கிரிஸ்டலுக்கு மட்டும் தனியாக ரப்பர் மெத்தை போடுவதும் உண்டு.

எஃப்.பி.ஜி.ஏ. படிக்கவா, ப்ராசசருக்கு நிரல் எழுதப் படிக்கவா?

இரண்டும் வேண்டும். ஆனால் முதலில் சி மொழி. எஃப்.பி.ஜி.ஏ. என்பது உள்ளிருக்கும் சுற்றையே நாம் எழுதி மாற்றக்கூடிய சிப். ஆயிரக்கணக்கான பெருக்கல்களை ஒரே துடிப்பில் செய்யும், பதில் எத்தனையாவது துடிப்பில் வரும் என்பதும் உறுதி. 2017-இல் சைலின்க்ஸ் அறிவித்த ஆர்.எஃப்.சாக் சிப்புகளில் அதே துண்டுக்குள் கன்வர்ட்டர்களும் ப்ராசசரும் சேர்ந்தே வந்துவிட்டன. முன்பு மூன்று அட்டை பிடித்த வேலை இப்போது ஒன்றில் அடங்குகிறது. வெப்பமும் அந்த ஒன்றிலேயே குவிகிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

எதிரி நம் அலைவரிசையில் இரைச்சலை அனுப்பி ஜாம் செய்தால் என்ன ஆகும்?

வேறு அலைவரிசைக்குத் தாவ வேண்டியதுதான். அமெரிக்கர்களின் சின்கார்ஸ் ரேடியோ 2320 சேனல்களுக்கிடையே விநாடிக்கு நூறு தடவைக்கு மேல் தாவும். தாவும் வரிசை இரண்டு பக்கத்துக்கும் தெரிந்த ரகசியச் சாவியிலிருந்து பிறக்கிறது. இரண்டு ரேடியோவின் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும். மறுபடியும் கடிகாரம்தான் பாருங்கள்.

பரிசோதனை எப்படி நடக்கும்?

மில்-எஸ்டிடி-810 என்ற அமெரிக்க ராணுவத் தரம் குலுக்கல், அதிர்ச்சி, வெப்பம், குளிர், மழை, தூசி எல்லாவற்றுக்கும் முறை வகுத்திருக்கிறது. உப்பு மூடுபனிச் சோதனை ஒன்று உண்டு. 5 சதவீத உப்புநீரை 24 மணி நேரம் புகைபோலத் தெளிப்பார்கள், 24 மணி நேரம் காய விடுவார்கள், மறுபடி ஒருமுறை. டர்பன் கடலோரத்து மெர்பாங்கிலோ ப்ளஃப்பிலோ வீடு இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கேட் கீலைப் பார்த்தாலே தெரியும்.

மில்-எஸ்டிடி-461 என்பது மின்காந்தத் தொந்தரவு பற்றியது. நம் பெட்டி கசியவிடும் அலை பக்கத்துப் பெட்டியைக் கெடுக்கக் கூடாது, பக்கத்துப் பெட்டியின் அலை நம்முடையதைக் கெடுக்கக் கூடாது. கசிவை 10 கிலோஹெர்ட்ஸிலிருந்து 18 ஜிகாஹெர்ட்ஸ் வரை தேடுவார்கள். இதில் தோற்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை தோற்பது சுற்றினால் அல்ல. மூடிக்கும் உடலுக்கும் நடுவே உள்ள பெயின்ட், சரியாக எர்த் ஆகாத கேபிள் உறை, கேஸ்கெட் உட்காராத ஒரு மூலை. தொழில் கற்றுக்கொள்ள சோதனைக்கூடத்தைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. வாய்ப்புக் கிடைத்தால் டெக்னீஷியன்கள் பக்கத்தில் நின்று பாருங்கள், அவர்களிடம் கேளுங்கள்.

சிப் சந்தையில் நின்றுபோனால்?

தூக்கத்தைக் கெடுக்கும் விஷயம் இது. 1970-களில் வந்த ராட்டல் கவச வண்டி இன்னும் நம் ராணுவத்தில் ஓடுகிறது. செல்போனுக்காகச் செய்யும் சிப்போ சில வருடத்தில் மறைந்துவிடும். தயாரிப்பாளர் நிறுத்தப் போகிறேன் என்று கடைசி ஆர்டருக்கு அழைப்பு விடுவார். 20 வருடத்துக்கு எத்தனை வேண்டும் என்று அன்றே கணக்குப் போட்டு வாங்கி, ஈரமில்லாமல் பூட்டி வைக்க வேண்டும். அப்படிச் செய்யாதவர்கள் பிறகு எங்கெங்கோ அலைந்து போலிச் சரக்கு வாங்கி மாட்டிக்கொள்வார்கள். அட்டையைத் தரப்படி பிரித்துச் செய்வதன் முழுப் பயனும் இங்கேதான். சிப் போனாலும் அட்டையை மட்டும் புதிதாகச் செய்து அதே பள்ளத்தில் செருகலாம்.

தென்னாப்பிரிக்காவில் இந்தத் தொழில் எப்படி வந்தது?

டர்பனிலிருந்தே தொடங்கலாம். 1939 கடைசியில் நியூசிலாந்து விஞ்ஞானி எர்னஸ்ட் மார்ஸ்டன், பிரிட்டனின் ரேடார் ரகசியங்களோடு கப்பலில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தின் பாசில் ஷோன்லாண்ட் கேப் டவுனில் ஏறி, டர்பன் வரை கூடவே போய் விவரங்களைக் கற்றுக்கொண்டார். அந்த டிசம்பர் 16-ஆம் தேதியே அவருடைய குழு தானே கட்டிய ரேடாரில் முதல் எதிரொலியைப் பிடித்தது. 1940-இல் அடுத்த மாதிரியை வைத்துச் சோதித்த இடம் டர்பனுக்கு வடக்கே உள்ள அவோக்கா. பீனிக்ஸ், மவுண்ட் எட்ஜ்கோம்ப் பக்கம் இருப்பவர்கள் வாரம் தவறாமல் கடந்து போகும் இடம். பிறகு அந்த ரேடார் கென்யாவுக்குப் போனது.

அந்தப் போர்க்கால ரேடார் பிரிவில் வேலை செய்த டிரெவர் வாட்லி 1920-இல் டர்பனில் பிறந்தவர். வால்வு ரேடியோக்களில் உள்ளே அலையை உண்டாக்கும் சுற்றான ஆசிலேட்டர் சூடேறச் சூடேற அலைவரிசை நகர்ந்துவிடும். வாட்லி அந்த நகர்வை நிறுத்த முயலவில்லை. ஒரே ஆசிலேட்டரை இரண்டு இடத்தில் பயன்படுத்தினார். ஒன்று ஆன்டெனா சிக்னலோடு கலக்க, இன்னொன்று 1 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலின் மடங்குகளோடு கலக்க. ஆசிலேட்டர் நகர்ந்தால் இரண்டு பக்கமும் அதே அளவு நகரும். கடைசியில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும்போது நகர்வு மறைந்துவிடும். பிரிட்டனின் ராக்கால் ஆர்.ஏ.17 ரிசீவர் இந்த முறையில்தான் உலகப் புகழ் பெற்றது. பின்னாளில் அதே சுற்றோடு பார்லோ வாட்லி எக்ஸ்.சி.ஆர்.30 என்ற சிற்றலை ரேடியோ நம் நேட்டாலிலேயே தயாரானது. பழைய சாமான் கடையில் ஒன்று கண்ணில் பட்டால் விடாமல் வாங்குங்கள், திறந்து பாருங்கள்.

அடுத்த பகுதி கசப்பானது. 1977 நவம்பரில் ஐ.நா. பாதுகாப்பு சபை நிறவெறி அரசுக்கு ஆயுதம் விற்பதைத் தடை செய்தது. தடை 1994 வரை நீடித்தது. வெளியே வாங்க முடியாததை அரசு இங்கேயே செய்யச் சொன்னது. இன்றைய தொழிற்சாலைகளின் அடித்தளம் அப்போது விழுந்தது. அந்தக் கதவுகள் நம் பெற்றோர் தலைமுறைக்குத் திறக்கவில்லை. 1961-இல் இந்தியர்களுக்கென்று தனியாக ஒதுக்கிய கல்லூரியே, சால்ஸ்பரி தீவில் கடற்படை விட்டுப்போன கட்டடங்களில்தான் நடந்தது. அங்கே படித்த பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

இன்று ரேடார் ஸ்டெல்லன்போஷில், மின்னணுப் போர்க்கருவிகள் செஞ்சூரியன் பிரிட்டோரியா பக்கத்தில், கடற்படை ஆராய்ச்சி சைமன்ஸ் டவுனில். பிரிட்டோரியாவின் சி.எஸ்.ஐ.ஆர். ஆராய்ச்சி நிறுவனம், எதிரி ரேடாரின் அலையைப் பிடித்து நினைவில் வைத்து மாற்றித் திருப்பியனுப்பும் கருவிகளில் பெயர் பெற்றது.

ஆயுதத் தொழிலில் பிள்ளையை விடுவது சரியா?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள். காந்தி வாழ்ந்த பீனிக்ஸ் பக்கத்தில் இருந்துகொண்டு கேட்கும்போது அதற்கு இன்னும் கனம் கூடுகிறது. நான் என் பதிலை மட்டும் சொல்கிறேன். ஒரு நாடு தன் கடலையும் வானத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்கு ரேடாரும் ரேடியோவும் வேண்டும். அந்த வேலையை மனமொப்பிச் செய்கிறேன். குண்டை வழிநடத்தும் கருவியில் வேலை செய்வதில்லை என்று ஆரம்பத்திலேயே முடிவெடுத்து, வேலைக்கு எடுப்பவர்களிடம் வெளிப்படையாகச் சொன்னேன், ஏற்றுக்கொண்டார்கள். உங்கள் பிள்ளையின் கோடு வேறு இடத்தில் இருக்கலாம். கோடு எங்கே என்று சேரும் முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். சேர்ந்த பிறகு பேசுவது கஷ்டம். இதே திறமைக்கு மீர்காட், செயற்கைக்கோள், சுரங்கப் பாதுகாப்பு ரேடார் என்று வேறு வாசல்களும் இருக்கின்றன.

என்ன படிக்கணும்?

குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தில் மின்னணுப் பொறியியல், அல்லது டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அதே துறை. எம்.எல். சுல்தான் டெக்னிகானும் டெக்னிகான் நேட்டாலும் 2002-இல் சேர்ந்து உண்டானது இரண்டாவது. ஒன்று பொறியாளர் பதிவுக்கும் மற்றது டெக்னாலஜிஸ்ட் பதிவுக்கும் கொண்டுபோகும். இரண்டிலிருந்தும் வந்தவர்களோடு வேலை செய்கிறேன், சோல்டரிங் அயர்னைப் பிடிக்கத் தெரிந்தவர்தான் முதலில் கவனத்தில் படுவார். பள்ளியில் கணிதத்தையும் இயற்பியலையும் விட்டுவிடாதீர்கள். கணிதத்துக்குப் பதிலாக மேத்ஸ் லிட்டரசி என்ற எளிய பாடத்தை எடுத்தால் இந்த வாசல் மூடிவிடும்.

காசு அதிகம் செலவாகாமல் வீட்டிலேயே தொடங்க முடியுமா?

தாராளமாக. ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர். என்ற யு.எஸ்.பி. ரிசீவர் ஒன்று வாங்குங்கள். 8 பிட்தான், விநாடிக்கு 24 லட்சம் அளவு. கற்றுக்கொள்ள அது போதும். கிங் ஷாக்கா விமான நிலையத்துக்கு வரும் விமானங்கள் 1090 மெகாஹெர்ட்ஸில் தம் இடத்தை அறிவித்துக்கொண்டே வரும். டர்பன் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்கள் 161.975-இலும் 162.025-இலும் பெயரையும் திசையையும் அனுப்பிக்கொண்டிருக்கும். அவை எல்லோரும் கேட்பதற்காகவே அனுப்பப்படுபவை. ஆயத்த மென்பொருளைப் போட்டுப் படத்தைப் பார்த்ததோடு நிற்காமல், அந்த பிட்டுகளைப் பிரிக்கும் நிரலை நீங்களே எழுதிப் பாருங்கள். அனுப்பிப் பார்க்க ஆசை வந்தால் அமெச்சூர் ரேடியோ தேர்வு எழுதி, நம் நாட்டின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான இகாசாவிடம் லைசென்ஸ் வாங்குங்கள். லைசென்ஸ் இல்லாமல் அனுப்பாதீர்கள், ஒரு வாட் கூட.

வெளிநாட்டில் இதே வேலை கிடைத்தால் போகலாமா?

போகலாம், ஆனால் சட்டத்தைப் படித்துவிட்டு. ராணுவச் சரக்கோ அதன் வரைபடமோ நாட்டைவிட்டுப் போக, தேசிய மரபு ஆயுதக் கட்டுப்பாட்டுக் குழுவின் அனுமதி வேண்டும். 2002-ஆம் ஆண்டின் 41-ஆம் சட்டம் அது. ஈமெயிலில் அனுப்பும் கோப்புக்கும் அனுமதி வேண்டியிருக்கலாம், சாதாரண சர்க்யூட் வரைபடம்தானே என்று நினைக்காதீர்கள். போரில் இருக்கும் வெளிநாட்டுத் தரப்புக்கு ராணுவ உதவி செய்யத் தென்னாப்பிரிக்கக் குடிமக்களுக்கு முன் அனுமதி தேவை என்று 1998-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் இருக்கிறது. அட்டையில் அமெரிக்கப் பாகங்கள் இருந்தால் அவர்களுடைய ஏற்றுமதி விதிகளும் பின்னாலேயே வரும். வேலைக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன் கம்பெனியின் ஏற்றுமதி அனுமதிப் பொறுப்பாளரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: கடைசியில் இதைப் பயன்படுத்தப் போவது யார், அதற்கான சான்று கையில் இருக்கிறதா. பதில் எழுத்தில் வரவில்லை என்றால் காத்திருங்கள்.